மலைச் சைக்கிள் பாதை வெட்டுவது எப்படி? அல்ப்ஸ் முறை, அவிசாவளை மண்

கொழும்பில் இருந்துகொண்டு மலைச் சைக்கிள் பாதை பற்றி எழுதினால் சிரிப்பு வரத்தான் செய்யும். காலிமுகத்திடலில் இருந்து தெஹிவளை வரை மிதித்தாலும் மூச்சு வாங்க ஒரு மேடு இல்லை. ஆனால் கோடை விடுமுறைக்கு சுவிஸில் இருக்கும் சித்தப்பா, மாமா வீட்டுக்குப் போய், லென்சர்ஹைட சைக்கிள் பூங்காவில் கம்பிவட லிஃப்டில் ஏறி சைக்கிளில் இறங்கிய பிள்ளைகள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கிறார்கள். திரும்பி வந்ததும் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: இங்கேயும் ஒன்று வெட்டினால் என்ன?

வெட்டலாம். ஹைலெவல் வீதியைப் பிடித்து ஹங்வெல்ல தாண்டி அவிசாவளைப் பக்கம் போனால் றப்பர் காணிகள், சின்னச் சின்னக் குன்றுகள். அல்ப்ஸில் லிஃப்ட் 500 மீற்றர் தூக்கிவிடும். நமக்கு 50 மீற்றர் உயரம் கிடைத்தால் போதும், ஒரு நல்ல பாதை வரும். ஆனால் காணொளியில் பார்த்த வளைவையும் குதிப்பையும் அப்படியே இங்கே மண்ணில் கட்டினால் முதல் பெருமழையோடு கதை முடிந்தது. பாதை கட்டும் தொழிலில் முதலில் தண்ணீருக்கு வழி, பிறகுதான் சைக்கிளுக்கு. கீழே சொல்லப்போவதில் முக்கால்வாசி இதைப் பற்றியதுதான்.

அங்கேயும் இங்கேயும்

அல்ப்ஸ் பூங்காக்களுக்கு வருடத்தில் ஏறக்குறைய ஜூன் முதல் ஒக்டோபர் தொடக்கம் வரைதான் சீசன். மற்ற மாதங்களில் பாதை பனிக்கடியில் கிடக்கும். வசந்தத்தில் பனி உருகி ஓடும் தண்ணீர் அவர்களுக்கு ஒரு தொல்லை, லிஃப்ட் கொண்டுவரும் கூட்டம் இன்னொன்று. ஒரே ஆள் ஒரே நாளில் பல தடவை இறங்குவதால் வளைவுக்கு முன்னால் பிரேக் பிடிக்கும் இடமெல்லாம் அலை அலையாகக் குழி விழும். பிரான்ஸ் அல்ப்ஸில் மோர்சின், லே ஜே பக்கம் ஓட்டியவர்களிடம் கேளுங்கள், கை நடுங்க நடுங்கச் சொல்வார்கள்.

நம் கதை வேறு. கொழும்பு நகரிலேயே வருடத்துக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை. அவிசாவளையில் அதைவிட அதிகம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, அதற்கு முன்னும் பின்னும் பின்னேரம் இடி இடித்துக் கொட்டும் இடைப்பருவ மழை. அல்ப்ஸில் பல இடங்களில் பனியாறு விட்டுப்போன கல்லும் மண்ணும் கலந்த நிலம், தண்ணீரைச் சீக்கிரம் விட்டுவிடும். நமக்குக் கிடைப்பது செம்மண்ணும் கபூக் என்ற செம்பூரான் கல்லும். காய்ந்தால் ஓடு மாதிரி, நனைந்தால் சவர்க்காரம்.

ஆகவே வெட்டும் வேலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான் நேரம். அந்த நாட்களில் மழை குறைவு. ஜனவரி, பெப்ரவரியில் றப்பர் மரமும் இலை உதிர்த்து நிற்பதால் நிலத்தின் மடிப்பு கண்ணுக்குத் தெரியும்.

முதல் படி: காணி, அனுமதி, றப்பர் பால் வெட்டுபவர்கள்

இது சலிப்பான வேலைதான், ஆனாலும் இதைத் தாண்டி எதுவும் நடக்காது. காணிச் சொந்தக்காரரிடம் எழுத்தில் ஒப்பந்தம் வாங்குங்கள். கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள், பிரதேச சபையில் கேளுங்கள். பலா, ஈரப்பலா மரங்களை அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது, சொந்தக் காணியில் நின்றாலும் சரி. நல்ல பாதைக்கு மரம் வெட்டத் தேவையும் இல்லை. ஓடைக் கரைகளை விட்டுவிடுங்கள்.

சரிவு கூடிய இடம் என்றால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கட்டாயம் கேட்க வேண்டும். மண்சரிவு எச்சரிக்கை விடுவது அவர்கள்தான். கொழும்பு மாவட்டம் தட்டைதானே என்று நினைக்காதீர்கள். சீதாவாக்கை, பாதுக்கப் பக்கங்களுக்கும் அந்த எச்சரிக்கை வருவதுண்டு. 2014இல் மீரியபெத்தையிலும் 2016இல் அரநாயக்கவிலும் என்ன நடந்தது என்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஒரு சரிவின் அடிவாரத்தை வெட்டினால் மேலே இருப்பது இறங்கி வரும். குன்றின் கீழே வீடுகள் இருந்தால் வேறு குன்று பாருங்கள்.

அடுத்தது பலர் மறக்கும் விஷயம். பால் வெட்டும் காணியில் விடியற்காலையில் வேலை தொடங்கும். சிரட்டையில் பால் சேர்ந்து, அதை எடுத்து முடியும் வரை அந்தப் பக்கம் சைக்கிள் போகக் கூடாது. சிரட்டையைத் தாங்கும் கம்பி ஓட்டுபவரின் முழங்கால் மட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். பாதைக்குப் பக்கத்தில் நிற்கும் மரங்களில் சிரட்டையை மறுபக்கம் மாற்ற முடியுமா என்று வெட்டுபவரிடமே கேளுங்கள். முதலாளியிடம் கேட்டு உத்தரவாக அனுப்புவதைவிட அது நல்லது. தினமும் காணியில் நிற்பவர் அவர்தான். பாதையில் என்ன உடைந்தது என்று உங்களுக்கு முதலில் சொல்லப்போகிறவரும் அவர்தான்.

இரண்டாம் படி: மழையில் நடங்கள்

குடையோடு, நீளக் காற்சட்டையோடு, அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் எடுத்துக்கொண்டு மழை பெய்யும்போதே காணியில் நடக்க வேண்டும். வெயிலில் பார்த்தால் எல்லாக் குன்றும் அழகு. மழையில்தான் தண்ணீர் எங்கே கூடுகிறது, எங்கே பிரிகிறது, எந்தப் பள்ளம் திடீரென்று ஓடை ஆகிறது என்று தெரியும். இதையெல்லாம் நில அளவைப் படத்தின் பிரதி ஒன்றில் குறியுங்கள்.

அதே படத்தில் பாதை கட்டாயம் தொட வேண்டிய இடங்களையும், தொடவே கூடாத இடங்களையும் குறியுங்கள். தொட வேண்டியவை: தொடக்கம், முடிவு, ஒரு பெரிய கல், சும்மா நின்று பார்க்க நல்ல மேடு. தொடக் கூடாதவை: ஊற்று, சதுப்பு, கோயில் அல்லது கல்லறை இருக்கும் மூலை, காணி எல்லை, பழைய கிணறு. புள்ளிகளை இணைத்தால் பாதையின் முதல் உருவம் தானாக வரும். இலைக்குப்பையில் விரியன் படுத்திருக்கும், கால் வைக்கும் முன் தடியால் தட்டுங்கள்.

மூன்றாம் படி: சரிவுக் கணக்கு

இந்தக் கணக்கு விளங்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி. 100 மீற்றர் தூரத்தில் 10 மீற்றர் இறங்கினால் அது 10 சதவீதச் சரிவு. உலகம் முழுக்கப் பாதை கட்டுபவர்கள் ஒத்துக்கொண்ட சில விதிகள் உண்டு.

பாதையின் சராசரிச் சரிவு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நம் மழைக்கு 7 அல்லது 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 மீற்றர் உயரம் உள்ள குன்றில் 8 சதவீதம் என்றால் பாதை 625 மீற்றர் நீளம் வரும். உயரத்தைச் சதவீதத்தால் வகுக்கும் இந்தச் சின்னக் கணக்கைத்தான் அல்ப்ஸ் பூங்காவும் போடுகிறது. அங்கே 500 மீற்றர் உயரம், 10 சதவீதம், 5 கிலோமீற்றர் பாதை.

அடுத்தது பாதி விதி. குன்றின் பக்கச் சரிவு எவ்வளவோ அதில் பாதிக்கு மேல் பாதையின் சரிவு போகக் கூடாது. பக்கச் சரிவு 30 சதவீதம் என்றால் பாதைக்கு உச்சம் 15. பாதியைத் தாண்டினால் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடந்து போகாது, பாதையையே கானாக்கிக்கொண்டு ஓடும். இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. பலர் பயப்படுவது செங்குத்தான இடத்துக்கு, ஆனால் பாதையைக் கெடுப்பது பெரும்பாலும் தட்டையான இடம். பக்கச் சரிவு 6 சதவீதம் உள்ள நிலத்தில் பாதை 3 சதவீதம்தான் இறங்கலாம். அதைவிடக் கூடினால் அடுத்த பருவமழைக்குள் அது வாய்க்கால். தட்டை நிலத்தில் பாதை போட்டே ஆக வேண்டும் என்றால் மண் கொட்டி உயர்த்துங்கள்.

மூன்றாவது, இறங்கிக்கொண்டே போகும் பாதை இடையிடையே கொஞ்சம் ஏற வேண்டும். 6 மீற்றருக்கும் 15 மீற்றருக்கும் இடையில் ஒரு தடவை, சில அடி தூரம் ஏறி மறுபடி இறங்கட்டும். மேலிருந்து வரும் தண்ணீர் அந்த ஏற்றத்தைத் தாண்ட முடியாமல் அதன் அடியில் பக்கவாட்டாக வெளியேறிவிடும். ஓட்டுபவருக்கோ அந்த ஏற்ற இறக்கம்தான் விளையாட்டு. அல்ப்ஸ் பாதைகளில் ரோலர் ரோலராக, சின்னச் சின்ன மேடாக வருகிறதே, பாதிக்கு மேல் தண்ணீர் வடிகால்தான் அது. வேடிக்கைக்காக வைத்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

கடைசியாக, பாதையின் மேற்பரப்பு பள்ளப் பக்கம் 5 சதவீதம் சாய்ந்திருக்க வேண்டும். ஒரு மீற்றர் அகலத்துக்கு 5 சென்ரிமீற்றர். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும்.

நான்காம் படி: கோடு போடுதல்

சரிவு அளக்க வெளிநாட்டில் கையடக்கமான கிளினோமீற்றர் வைத்திருப்பார்கள். வாங்க முடிந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் மேசன் பாஸ்மார் சுவர் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப் போதும். இரண்டு தடி, இடையில் 10 மீற்றர். இரண்டிலும் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் இருந்து நிலம் வரை அளந்தால், வித்தியாசம் 80 சென்ரிமீற்றர் என்றால் 8 சதவீதம். தொலைபேசியில் இருக்கும் சாய்வுமானியை நீண்ட பலகையில் வைத்தும் பார்க்கலாம்.

சரிவு அளக்கும் கலை நமக்குப் புதிதல்ல. மலைப்பாதை வகுக்கும் நில அளவைக் கருவி ஒன்றுக்கு உலகப் பாடப்புத்தகங்களில் இருக்கும் பெயரே 'சிலோன் காட் டிரேசர்'. தாங்கியில் தொங்கும் ஒரு குழாய், அதில் நகரும் ஒரு பாரம். பாரத்தை வேண்டிய சரிவுக் குறிக்கு நகர்த்திவிட்டு குழாய்க்குள் கண் வைத்துப் பார்த்தால் கோடு கிடைத்துவிடும். அவ்வளவுதான் வித்தை.

சரி, கோட்டுக்கு வருவோம். கீழிருந்து மேலே போய்க்கொண்டே சிறு கொடிகளை 3 மீற்றருக்கு ஒன்றாக நடுங்கள். முதல் கோட்டை நம்பாதீர்கள். ஒரு கிழமை விட்டு இன்னொருவரை அழைத்து வந்து, அவரை மேலிருந்து கீழே ஓடச் சொல்லுங்கள். அவர் கால் எங்கே தயங்குகிறதோ அங்கே சைக்கிளும் தயங்கும். வேகமாக வரும் நீள நேர்கோட்டுக்குப் பிறகு சட்டென்று வளைவு வைக்காதீர்கள். அப்படி வைத்தால் எல்லோரும் அங்கே பிரேக் பிடிப்பார்கள், நான் முன்னே சொன்ன அலைக்குழி அங்கேதான் பிறக்கும். வளைவுக்கு முன்னால் ஒரு சின்ன ஏற்றம் வைத்தால் வேகம் தானாகக் குறையும், தண்ணீரும் அங்கே வெளியேறும்.

ஐந்தாம் படி: வெட்டுதல்

சாதாரண ஒற்றைப் பாதைக்கு 60 முதல் 90 சென்ரிமீற்றர் அகலம் போதும். வேகமாக இறங்கும் பாதைக்கு ஒன்றரை முதல் இரண்டரை மீற்றர். முதலாவதைக் கையால் வெட்டலாம், இரண்டாவதற்குச் சின்ன எக்ஸ்கவேட்டர் வேண்டும். பெரிய பெக்கோவைக் கொண்டுவந்து விடாதீர்கள். அது வேலை செய்யும், ஆனால் திரும்பிப் போகும்போது ஒரு லொறிப் பாதையை விட்டுவிட்டுப் போகும்.

முதலில் இலைக்குப்பையையும் கறுப்பு மேல்மண்ணையும் வாரி ஒதுக்குங்கள். வேரும் இலையும் கலந்த மண்ணில் கட்டியது எதுவும் நிற்காது. பிறகு சரிவுக்குள் உள்நோக்கி வெட்டி, பாதையின் முழு அகலமும் வெட்டப்பட்ட கெட்டி நிலத்தில் உட்காரும்படி செய்யுங்கள். பாதி வெட்டி, வெட்டிய மண்ணைப் பள்ளப் பக்கம் போட்டு மீதிப் பாதியை நிரப்புவது சுலபம். ஒரு மழையில் அந்தப் பாதி கீழே போய்விடும். உள்பக்கச் சுவரைச் செங்குத்தாக விடாமல் சாய்த்துவிடுங்கள்.

இந்த வேலைக்குத் தோட்டத்தில் கான் வெட்டியவர்களைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. குன்றைச் சுற்றி மட்டம் பிடித்துக் கான் வெட்டுவதும் நாம் வெட்டுவதும் ஒரே கணக்கு. எங்களோடு வேலைக்கு வந்த ஐயா ஒருவர் எந்தக் கருவியையும் தொடவில்லை. வெட்டி முடித்த துண்டின் நடுவே வாளியில் இருந்த தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டுக் குந்தி உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் பள்ளப் பக்கம் போய் விழுந்தால் வெற்றிலையை மென்றபடி அடுத்த துண்டுக்குப் போவார். பாதை நெடுக ஓடினால் மண்வெட்டியை எங்கள் கையில் தருவார். 5 சதவீதம் என்ற பேச்சே இல்லை.

அவருக்கும் மற்றவர்களுக்கும் தோட்டக் கூலியை அளவாக வைத்துப் பேசாதீர்கள். கொழும்பில் ஒரு மேசன் பாஸுக்கு என்ன கொடுப்பீர்களோ அதைக் கொடுங்கள்.

மண்ணை இறுக்கும்போது ஈரம் முக்கியம். ஒரு பிடி அள்ளி உருட்டி, இரண்டாக உடையுங்கள். துப்புரவாக இரண்டு துண்டானால் சரி. உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள், கையில் அப்பினால் காயவிடுங்கள். 15 சென்ரிமீற்றருக்கு ஒரு அடுக்காகப் போட்டு ஒவ்வோர் அடுக்கையும் தனியாக இடிக்க வேண்டும். அரை மீற்றர் மண்ணைக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் உள்ளே பஞ்சுதான். தண்ணீர் கடக்கும் இடங்களில் கபூக்கை நம்ப வேண்டாம், கருங்கல்லைச் செங்குத்தாக நட்டுப் பதியுங்கள். அல்ப்ஸ் பூங்காக்களில் பார்க்கும் மரப்பாலங்கள் இங்கே வேண்டவே வேண்டாம். கறையானும் ஈரமும் சேர்ந்தால் எந்தப் பலகை எப்போது விடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மண் எடுத்த குழிகளை அன்றன்றே மூடுங்கள். தண்ணீர் தேங்கினால் நுளம்பு பெருகும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து வழக்குப் போட்டால் அவர்மேல் குறை சொல்ல முடியாது.

ஆறாம் படி: பெர்ம் வளைவுகள்

வெளிப்பக்கம் உயர்த்திக் கட்டிய வளைவைத்தான் பெர்ம் என்கிறார்கள். எவ்வளவு உயர்த்துவது என்பதை ஊகத்தில் விட வேண்டாம். வேகத்தின் வர்க்கத்தை, வளைவின் ஆரையாலும் புவியீர்ப்பாலும் வகுத்தால் சாய்வுக் கோணத்தின் டான் மதிப்பு வரும். உயர்தரத்தில் படித்ததுதான். மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் 6 மீற்றர் ஆரை உள்ள வளைவுக்கு ஏறக்குறைய 39 பாகை சாய்வு. அதே வேகத்தில் ஆரையை 4 மீற்றராகக் குறைத்தால் 51 பாகை, கிட்டத்தட்ட சுவர். அவ்வளவு செங்குத்தான மண் கரையை நம் மழையில் காப்பாற்றுவது வீண் வேலை. ஆரையைக் கூட்டுங்கள். இடம் இல்லையென்றால் அந்த வளைவையே எடுத்துவிடுங்கள்.

கொண்டை வளைவில் பின்பாதிக் கரை பள்ளப் பக்கம் நிற்கும், அதாவது தண்ணீருக்கு அணை. எனவே வளைவுக்குள் நுழையும் முன்னரே ஓர் ஏற்றம் வைத்து மேல்தண்ணீரை வெளியே தள்ளிவிட வேண்டும். வளைவுக்குள் விழும் மழை உள்பக்க விளிம்பில் சேர்ந்து கீழே ஓடும், கரை முடிந்த உடனே அதற்கு ஓர் அகலமான வாய் வெட்டுங்கள். கரைக்கு அடியில் குழாய் புதைப்பவர்களும் உண்டு. இலை அடைத்துவிடும் என்பதால் எனக்கு அது பிடிக்காது.

ஏழாம் படி: குதிப்புகள்

அடக்கி வாசிக்க வேண்டிய இடம் இது. ஏறும் முகப்பு 20 பாகை என்றால், 25 கிலோமீற்றர் வேகத்தில் வருபவர் சுமார் 3.2 மீற்றர் பறப்பார். 30 கிலோமீற்றரில் வந்தால் 4.5 மீற்றர். 5 கிலோமீற்றர் வேகம் கூடியதற்கு ஒரு மீற்றருக்கு மேல் வித்தியாசம். ஆகவே நடுவில் வெற்றிடம் உள்ள குதிப்பு வேண்டாம். மேலே தட்டையாக நிரப்பிய டேபிள்டாப் வகையே போதும், தவறினாலும் சக்கரம் மண்ணில்தான் விழும். இறங்கு சரிவை நீளமாக வையுங்கள். விழும் கோணமும் அந்தச் சரிவும் ஒத்துப்போனால் அடி தெரியாது, தட்டையில் விழுந்தால் மணிக்கட்டு போய்விடும். இறங்குமிடத்துக்கு நேரே றப்பர் மரம் நின்றால் குதிப்பை நகர்த்துங்கள்.

எட்டாம் படி: ஓட்டிப் பார்த்தல், பலகை

எல்லாவற்றையும் இறுக்கி முடிக்கும் முன் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பிறகு கொஞ்சம் வேகமாக, அப்புறம் பழக்கம் இல்லாத ஒருவரை விட்டு. மண் மென்மையாக இருக்கும்போது முகப்பைச் செதுக்குவது அரை மணி நேர வேலை, காய்ந்தபின் அலவாங்கு வேண்டும்.

அல்ப்ஸில் பெரும்பாலும் நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினத்தைக் காட்டுவார்கள். வட அமெரிக்காவில் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், கலக்க வேண்டாம். பலகை தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். கடினமான பாதை என்றால் அதன் மிகக் கடினமான இடத்தின் சின்ன மாதிரி ஒன்றை வாசலிலேயே கட்டுங்கள். அதில் தடுமாறுபவர் அங்கேயே திரும்பிவிடுவார். அவசரத்துக்கு வண்டி எங்கே வரும், கிட்டிய ஆஸ்பத்திரி எது என்பதையும் பலகையில் எழுதுங்கள்.

மேலே ஏற லிஃப்ட் கிடையாது. 5 சதவீதத்தில் வளைந்து ஏறும் தனிப் பாதை வெட்டலாம், அல்லது ஒரு சின்னப் பட்டா லொறியில் சைக்கிள்களை ஏற்றிப் போகலாம். இறங்கும் பாதையிலேயே தள்ளிக்கொண்டு ஏற மட்டும் விடாதீர்கள்.

பிறகு

மழை பெய்த அன்றும் மறுநாளும் பாதைக்குப் பூட்டு. சக்கரம் பதிந்த தடம் ஒவ்வொன்றும் அடுத்த மழைக்கு வாய்க்கால். கொழும்பில் இருந்து ஒன்றரை மணி நேரம் வந்துவிட்டோமே என்று யார் கெஞ்சினாலும் விடக் கூடாது, அது வெட்டியவரே ஆனாலும். பூட்டைத் திறக்கும் முடிவைக் காணியில் நிற்பவரிடம் கொடுத்துவிடுங்கள். குதிகாலால் மிதித்துப் பார்த்து, தடம் பதியாவிட்டால் திறக்கட்டும்.

மாதம் ஒரு தடவை மண்வெட்டியோடு ஒரு நடை போதும். ஏற்றங்களின் அடியில் தண்ணீர் வெளியேறும் வாய்களில் இலையும் வண்டலும் சேர்ந்திருக்கும், வாரிவிடுங்கள். பள்ளப் பக்க விளிம்பில் சக்கரம் ஒதுக்கிய மண் வரப்பாக எழுந்திருக்கும், அதையும் வெட்டி எறியுங்கள். ஏப்ரல் இடிமழைக்கு முன் ஒரு தடவை, ஒக்டோபரில் ஒரு தடவை ஆட்களைக் கூட்டிப் பெரிதாகச் செய்யுங்கள். இரண்டு பருவம் தாண்டியும் ஒரே இடத்தை மறுபடி மறுபடி திருத்திக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் மண்ணைக் கொட்டுவதை நிறுத்திவிட்டு, டியூபை எடுத்துக்கொண்டு போய் அந்தத் துண்டின் சரிவை அளந்து பாருங்கள். பெரும்பாலும் பாதி விதி உடைந்திருக்கும். அந்தத் துண்டை மூடி, புல் நட்டு, மேலே புதிதாக ஒரு கோடு போடுங்கள்.